பி.எஸ்.பி. மைனஸ் 850: கடலோரக் குழாய்களில் கண்டது

கடலூர் ஓ.டி.:
மண்ணில் புதைந்த இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குக் கரன்ட் கொடுப்பது கத்தோடிக் பாதுகாப்பு. அது போதுமா என்று பார்க்க, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான வோல்ட்டேஜை (பி.எஸ்.பி.) அளக்கிறோம். கடலோர டி.எல்.பி.களில் (குழாயிலிருந்து வரும் அளவெடுக்கும் கம்பி முனைகளில்) அடிக்கடி பார்ப்பது இது. பதிவேட்டில் எல்லாமே மைனஸ் 1,050, 1,100 மில்லிவோல்ட் என்று இருக்கும். குழாயைத் தோண்டினால் குழி விழுந்திருக்கும். எழுதியதெல்லாம் ஆன் ரீடிங். கரன்ட் ஓடும்போது மீட்டர் காட்டுவதில் மண்ணில் விழும் ஐ.ஆர். இழப்பும் (மண்ணின் மின்தடையால் வரும் வோல்ட்டேஜ்) சேர்ந்தே வருகிறது. காப்பர் சல்ஃபேட் ஹாஃப் செல்லுக்கு (மண்ணில் ஊன்றி ஒப்பிட்டு அளக்கும் செல்) மைனஸ் 850 மில்லிவோல்ட் என்ற பாதுகாப்பு அளவு, அந்த இழப்பு போனபின் நிற்கும் எண்ணுக்குத்தான்.

இன்டரப்டரை (கரன்ட்டை விட்டுவிட்டு அணைக்கும் சுவிட்ச்) 12 விநாடி ஆன், 3 விநாடி ஆஃப் என்று வையுங்கள். அந்தக் குழாய்க்குக் கரன்ட் தரும் எல்லா டி.ஆர். (டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர்) யூனிட்டும் ஜி.பி.எஸ். நேரப்படி ஒரே கணத்தில் அணைய வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வருவது ஆஃப் ரீடிங் (கரன்ட் அணைந்த உடனே எடுக்கும் அளவு) இல்லை. அணைந்ததும் ஒரு ஸ்பைக் துள்ளும். அதை விட்டுவிட்டு மீட்டரில் இரண்டாவதாக வரும் எண்ணை எழுதுங்கள். ஆனோடை (தான் கரைந்து கரன்ட் தரும் உலோகத் துண்டு) குழாயில் நேராகப் பற்றவைத்திருந்தால் இந்த வழி நடக்காது, கூப்பன் (குழாயோடு இணைத்துப் பிரித்து அளக்கும் சிறு இரும்புத் துண்டு) புதைக்கத்தான் வேண்டும்.

வில்லியனூர்:
சார், கோட்டிங் பழசான குழாயில் தூரத்து டி.எல்.பி.யில் ஆஃப் மைனஸ் 790தான் வருகிறது. அவுட்புட்டை ஏற்றினால் டி.ஆர். பக்கத்தில் ஆஃப் மைனஸ் 1,200ஐத் தாண்டுகிறது.

கடலூர் ஓ.டி.:
ஏற்றாதீர்கள். அதற்கு மேல் போனால் ஹைட்ரஜன் கிளம்பி, இருக்கிற கோட்டிங்கும் பிடி விட்டுவிடும். 100 மில்லிவோல்ட் அளவுகோலைப் பாருங்கள். டி.ஆர்.களை அணைத்து, ரீடிங் இறங்கி ஓர் எண்ணில் நிலைக்கும்வரை காத்திருங்கள். ஈரக் களிமண்ணில் இதற்கு நாட்கள்கூட ஆகும். மைனஸ் 660இல் நின்றால் 790க்கும் அதற்கும் 130 வித்தியாசம், போதும். கணக்கை ஆஃப் எண்ணிலிருந்து தொடங்குங்கள், ஆனிலிருந்து இல்லை.

இரண்டு இடத்தில் இது செல்லாது. குழாய் செம்பு எர்த்திங்கோடு ஒட்டியிருந்தால், அணைத்தபின் நிற்கும் எண்ணையே செம்பு குறைந்த நெகட்டிவுக்கு இழுத்துவிடும். அதிலிருந்து 100 எண்ணினால் இரும்புக்குப் பாதுகாப்பு கிடைத்ததாகாது. இன்னொன்று, உப்பனாற்றங்கரை மாதிரி கருஞ்சேறு. தோண்டும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இரும்பை அரிக்கும் சல்ஃபேட் பாக்டீரியா இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஆஃப் மைனஸ் 950க்குக் கொண்டுபோங்கள்.

தேங்காய்த்திட்டு:
ஹாஃப் செல்லையும் சந்தேகப்படுங்கள். உள்ளே கரையாத மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கட்டி எப்போதும் கிடக்க வேண்டும். உவர்மண்ணில் ஊன்றி ஊன்றிக் குளோரைடு ஏறினால் ரீடிங் உள்ளதைவிடக் குறைந்த நெகட்டிவாகக் காட்டும். கண்ணாடிக் குழல் மேல் வெயில் பட்டாலும் அதே கதை. கருப்பு டேப் சுற்றிவிடுங்கள். தொடாமல் வைத்திருக்கும் மாஸ்டர் செல்லோடு ஒப்பிட்டு 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால், செம்புக் கம்பியை உலோகமில்லாத தேய்ப்பானால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் புதுக் கரைசல் போடுங்கள். கத்திரி வெயிலில் காய்ந்த மணலில் ஒரு குடம் நன்னீர் ஊற்றாமல் செல்லை ஊன்றாதீர்கள்.

துறைமுக ஷீட் பைலுக்கு (கரையோரம் அடித்து இறக்கிய இரும்புத் தகட்டுச் சுவர்) கடல்நீரில் சில்வர் குளோரைடு செல், பாதுகாப்பு அளவு மைனஸ் 800. கழிமுகத்தில் கவனம்: ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து குளோரைடு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், திறந்த வகைச் செல் (சுற்றியுள்ள நீர் நேரே படுவது) சுமார் 60 மில்லிவோல்ட் கூடுதல் நெகட்டிவாகக் காட்டும். அங்கே மைனஸ் 800 என்று பார்ப்பது உண்மையில் 740தான். சொந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல் அடைத்த செல்லில் இந்தச் சிக்கல் வராது.