பாகூவின் மாமியார் உங்களுக்கு எப்படி அறிமுகம்?

காற்றுநகரவாசி:

அஜர்பைஜான் தலைநகர் பாகூவில் வேலை பார்த்தவர்களும் படித்தவர்களும் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். நடிகை நசீபா ஜெய்னலோவா உங்களுக்கு எப்படி அறிமுகமானார் என்று எழுதுங்களேன். அங்கே போய்விட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் யாரும் திரும்பியிருக்க முடியாது, டிவியிலாவது பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அறிமுகம் செய்துவைத்தது வீட்டுக்கார அம்மா. எண்ணெய் வயல் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தேன். சோவியத் காலத்து அடுக்குமாடியில் வாடகைக்கு ஒரு வீடு, எதிர்க்கதவில் அந்த அம்மாவின் குடும்பம். நவ்ரூஸ் (வசந்தகாலப் புத்தாண்டு) விடுமுறையில் டீக்குக் கூப்பிட்டார். இடை சிறுத்த கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ, பக்கத்தில் கிண்ணத்தில் செர்ரி ஜாம். டிவியில் 'கைனனா' ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் என்று அர்த்தம். 1978இல் ஹுசைன் செயித்ஸாதே இயக்கிய படம். புதுசாகக் கல்யாணமான மகனையும் மருமகளையும் நிம்மதியாக இருக்கவிடாத ஜன்னத் ஹாலாவாக நசீபா நடித்திருக்கிறார். (ஹாலா என்றால் பெரியம்மா, சித்தி முறை. மரியாதைக்கு யாரையும் கூப்பிடலாம்.)

வீட்டுக்கார அம்மா டிவி பக்கம் திரும்பவே இல்லை. அடுப்படியில் நின்றபடியே வசனத்தைச் சொல்கிறார், அவர் சொல்லி முடித்த பிறகுதான் டிவியில் நசீபா சொல்கிறார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய மருமகள் அடுத்த வரியைச் சொல்கிறாள். ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்துகொண்டு மாமியார் சண்டையை ஒப்பித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு மொழி அரைகுறைதான், இருந்தும் சிரித்தேன். நசீபாவுக்குக் குட்டையான, பருத்த உருவம், தலையில் துணி. வாயைத் திறக்கும் முன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு நொடி நிறுத்துவார் பாருங்கள், அரைச் சிரிப்பு அங்கேயே வந்துவிடும். மீதி அரை, வசனம் புரிந்தவர்களுக்கு.

அப்புறம் டீ ஆறும்வரை அவருடைய கதைதான். 1916இல் பாகூவில் பிறந்தவர். அப்பா ஜஹாங்கிர் ஜெய்னலோவ் அந்தக் காலத்துப் பெரிய மேடை நடிகர். 1918இல் அவர் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுதான், அப்பாவின் நடிப்பைப் பார்த்த ஞாபகம் இருக்க வழியில்லை. ஆனாலும் பெண் மேடைக்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் தன் மகனுக்கும் ஜஹாங்கிர் என்றே பெயர் வைத்தார். அந்த மகன் ஜஹாங்கிர் நவ்ரூசோவ் இன்று நாடக இயக்குநர்.

ஸ்டெதஸ்கோப்:

நான் அங்கே மருத்துவம் படித்தேன். எனக்குப் படம் மூலமாக அறிமுகமில்லை, கல்லறை மூலமாக. பயந்துவிடாதீர்கள். 'ஃபக்ரி ஹியாபான்' என்று மேட்டில் ஒரு இடம் இருக்கிறது. நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் இடம். இசையமைப்பாளர் உஸெயிர் ஹாஜிபெயோவ், முன்னாள் ஜனாதிபதி ஹெய்தர் அலியேவ் எல்லாரும் அங்கேதான். வகுப்புத் தோழி ஒருத்தி, உள்ளூர்ப் பெண், என்னைக் கூட்டிப்போனாள். போகிற வழியில் பூக்காரம்மா "எங்கே போறீங்க?" என்று கேட்டார். சொன்னதும் சிவப்புக் கார்னேஷனை எண்ணி நாலாகக் கட்டிக் கொடுத்தார். இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. பிறந்தநாளுக்குப் போய் ஆறு பூ நீட்டிவிடாதீர்கள்.

அந்த இடத்தில் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நசீபாவின் பெயர் பொறித்த கல்லின் முன் வந்ததும் தோழி அவர் குரலில் ஏதோ வசனம் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. நசீபா காலமானது 2004 மார்ச் 10. 1873இல் பாகூவில் முதல் நாடகம் மேடையேறிய நாளும் அதே மார்ச் 10. இப்போது அதைத்தான் தேசிய நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள். இதைச் சொல்லாத நாடகக்காரர் அங்கே கிடையாது.

நாடகப்பைத்தியம்:

நான் பாகூவுக்குப் போனதே இல்லை. பழைய நாடகங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற வியாதி, யூடியூப் வழியாகப் பிடித்தது.

நசீபாவை 'கைனனா'வோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம் என்பது என் குறை. அந்தப் படம் வரும்போது அவருக்கு 62 வயது. அதற்கு முன் நாற்பது வருஷம் பாகூ இசை நகைச்சுவை நாடக அரங்கம்தான் அவர் வீடு. 1938இல் அது தொடங்கியபோதே சேர்ந்தவர். மேடையில் லுத்ஃபலி அப்துல்லாயேவ், பஷீர் சஃபாரோக்லு, நசீபா மூன்று பேரும் சேர்ந்தால் போதும், கூட்டம் அள்ளும். 1964இல் வந்த 'உல்துஸ்' படத்தில் லுத்ஃபலியோடு அவர் அடிக்கும் கூத்தைப் பாருங்கள். ஒருவர் பந்தைப் போட, மற்றவர் தரையில் விழவிடாமல் திருப்பி அடிக்கிற மாதிரி இருக்கும். 1969இல் பஷீர் போனார், 1973இல் லுத்ஃபலி போனார். 'கைனனா'வில் பழைய ஜோடிகள் யாரும் பக்கத்தில் இல்லை, மொத்தப் படத்தையும் அவர் தனியாகத் தாங்குகிறார். நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போது சிரிப்பைவிட இதுதான் எனக்குத் தெரிகிறது.

அவருடைய அப்பா நடித்த காலத்தில் முஸ்லிம் பெண்கள் மேடையேறுவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். 1908இல் ஹாஜிபெயோவின் 'லெய்லி மஜ்னூன்' ஓபரா முதல்முறை நடந்தபோது லெய்லியாக நின்றது ஒரு டீக்கடைப் பையன். 1913இல் அவருடைய இசை நாடகம் 'அர்ஷின் மால் ஆலான்' வந்தபோது கதாநாயகி குல்சோஹ்ராவாக நடித்தது ஸ்திரீபார்ட் நடிகர் அஹ்மத் அக்தாம்ஸ்கி. அதே குல்சோஹ்ராவாக 1945 படத்தில் லெய்லா பதிர்பெய்லி என்ற நடிகை நடித்தார், படத்துக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. லுத்ஃபலி அதில் வேலைக்காரன் வேலியாக வருவார். முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு தூரம்.

இடையில் இஸ்ஸத் ஒருஜோவா என்று ஒருவர். 1929இல் 'செவில்' மௌனப் படத்தில் முகத்திரையைக் களைகிற நாயகி. அடுத்து 'அல்மாஸ்' நடித்துவிட்டு எண்ணெய் வேதியியல் பக்கம் போய் அறிவியல் அகாதமி உறுப்பினரே ஆகிவிட்டார். காற்றுநகரவாசி, உங்கள் தொழிலுக்குச் சொந்தக்காரர். திரையைத் தலையிலிருந்து தூக்குகிற பெண் சிலை ஒன்று பாகூவில் நிற்குமே, அது அந்தச் செவில் கதையின் வழி வந்ததுதான்.

மறுபக்கம்:

எல்லாம் சரி. மாமியார் என்றால் கொடுமைக்காரி, அவளைப் பார்த்து ஊரே சிரிக்கணும் என்கிற இந்த ஃபார்முலா எந்த நாட்டில் இருந்தாலும் எனக்கு அலுப்புதான். செவில் திரையைக் கழற்றி ஐம்பது வருஷம் கழித்து இதைத்தான் எடுத்தார்களா? நடிகையைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கிடைத்த வேடத்தைச் சொல்கிறேன்.

ஸ்டெதஸ்கோப்:

படம் பார்க்காமல் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மறுபக்கம்:

பாதி பார்த்தேன்.

காற்றுநகரவாசி:

மறுபக்கம் சொல்வதில் நியாயம் உண்டு. கதை எழுதின விதத்தில் ஜன்னத் ஹாலா கெட்டவள்தான், மாறவேண்டியவளும் அவள்தான். ஆனால் நசீபா அவளைக் கெட்டவளாக நடிக்கவில்லை. தன் பக்கம் நியாயம் இருப்பதாக முழுசாக நம்புகிறவளாக நடித்திருக்கிறார். மகனைத் தனக்கே வைத்துக்கொள்ள நினைப்பவள், அவன் கைநழுவிப் போவதைப் பார்த்துப் பதறுகிறாள், அதை அதட்டலாகக் காட்டுகிறாள். அதனால்தான் எங்கள் எதிர்வீட்டில் மாமியார், மருமகள் இரண்டு பேருக்கும் அவள் சொந்தக்காரியானாள். ஒருத்திக்குத் தன்னை மாதிரி, இன்னொருத்திக்குத் தன் மாமியார் மாதிரி.

இதை நான் வீட்டுக்கார அம்மாவிடமே கேட்டிருக்கிறேன். "உங்களைக் கிண்டல் பண்ற படம்தானே ஹாலா, எப்படி ரசிக்கிறீங்க?" கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது: "அவ எங்க கிண்டல் பண்றா? அவ எங்களுக்காகத் திட்டுறா. எங்களால வெளியே சொல்ல முடியாததை எல்லாம்." மருமகள் பக்கத்திலேயே இருந்தாள், எதுவும் சொல்லவில்லை. ஜாம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

நசீபாவுக்கு 1967இல் 'மக்கள் கலைஞர்' பட்டம் கொடுத்தார்கள். தெருவில் போனால் மட்டும் யாரும் அந்தப் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், ஹாலா என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்.

நாடகப்பைத்தியம், 1958இல் வந்த 'ஓகெய் ஆனா' பார்த்தீர்களா? மாற்றாந்தாய் கதை. நஜீபா மெலிகோவா நாயகி, நசீபா சின்ன வேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கவேண்டிய படம், நசீபா வந்தால் மூச்சு விடலாம். 'உல்துஸ்'க்கு ஆங்கிலத்திலாவது சப்டைட்டில் எங்கேயாவது கிடைத்தால் இங்கே போடுங்கள். நான் தேடின வரையில் ரஷ்ய மொழியில்தான் இருக்கிறது.