தட்டில் வளர்ந்திருப்பது ஈஸ்டா, பூசணமா?

கேள்வி: உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் (ஈஸ்ட், பூசணம் வளர்க்கும் ஊடகம்) 25 டிகிரியில் 3 நாள் ஆகிறது. சில புள்ளிகள் வெண்ணெய் மாதிரி வழவழப்பு. ஒன்று மட்டும் பஞ்சு. எப்படிப் பிரித்து எண்ணுவது?

பதில் 1: பஞ்சு பூசணம்தான். ஈஸ்ட் ஒற்றைச் செல்; பெரும்பாலும் மொட்டுவிட்டுப் பெருகும். பூசணம் இழைஇழையாகப் படரும், பிறகு வித்து கட்டும்போதுதான் பச்சை, கறுப்பு நிறம் வரும். அதனால் 3ஆம் நாள் வெள்ளையாக இருப்பதை வைத்து இனம் சொல்லாதீர்கள். 5ஆம் நாள் எண்ணுங்கள். அதுவரை தட்டைத் தூக்கிக் குலுக்க வேண்டாம். வித்துகள் உதிர்ந்து ஒன்று பத்தாகிவிடும், எண்ணிக்கை பொய்யாகும்.

பதில் 2: வழவழப்பாக இருப்பதாலேயே ஈஸ்ட் என்று சொல்ல முடியாது, பாக்டீரியாவும் அப்படித் தெரியலாம். (இதில் ஏமாறுபவர்கள்தான் அதிகம்.) ஒரு சொட்டுத் தண்ணீரில் கொஞ்சம் கரைத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். ஈஸ்ட் முட்டை வடிவில், பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்; பக்கத்தில் குட்டி மொட்டு ஒட்டியிருக்கும். பாக்டீரியா 1 மைக்ரான் அளவில் பொடிப்பொடியாகத் தெரியும். அடுத்த முறை அகாரில் லிட்டருக்கு 100 மி.கி. குளோராம்பெனிகால் (பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து) சேருங்கள், பாக்டீரியா தொல்லை குறையும்.

பதில் 3: ஒரு விதிவிலக்கு. கேண்டிடா ஆல்பிகன்ஸ் ஈஸ்ட்தான், ஆனால் இழையும் விடும். பஞ்சுத் தட்டை மேசையில் திறக்காதீர்கள். உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் (biosafety cabinet) வைத்து, பஞ்சின் மேல் டேப் ஒட்டி எடுத்து, லாக்டோபீனால் காட்டன் புளூ (பூசணத்தை நீலமாகக் காட்டும் சாயம்) சொட்டின் மேல் ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்.

கேட்டவர்: மொட்டு தெரிகிறது. பஞ்சைத் தனியாகக் குறித்துவிட்டேன், நன்றி.