விரிநிலை றொக்கும் ஆற்றுகைப் பாடகரும்: இரு சொற்களுக்கு ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்குத் திருகோணமலையிலிருந்து வணக்கம்.

நாம் தொகுக்கும் இசைக் கலைச்சொற் பட்டியலில், புரோகிரசிவ் றொக் (progressive rock) என்னும் இசைவகைக்கு "முற்போக்கு றொக்" என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் எனச் சிலர் எழுதியிருந்தீர்கள். இலங்கை வாசகரிடையே அது தவறான பொருளைத் தரும். 1954 இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, அச்சொல் எங்களுக்கு இடதுசாரி நிலைப்பாடு கொண்ட கலையையே குறித்து வருகிறது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான இவ்விசையின் அடையாளமோ வடிவத்தில் இருக்கிறது: பல பகுதிகளாக நீளும் பாடல்கள், மாறிக்கொண்டே இருக்கும் தாளங்கள், ஓர் இசைத்தட்டு முழுவதும் தொடரும் கதை. "வளர்நிலை" என்று இன்னொருவர் தந்த சொல், இன்னும் வளர்ந்து முடியாத ஒன்று என்ற எண்ணத்தைத் தருவதால், "விரிநிலை றொக்" என்பதை முன்மொழிகிறேன்.

இவ்விசைக் குழுவில் முன்நின்று பாடுபவருக்குரிய சொல்லே இதைவிடக் கடினமானது. "முன்னணிப் பாடகர்" என்பது அவர் நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. இவ்வகையில் அவர் செய்யும் வேலையைச் சொல்லவில்லை. கோயில் திருவிழா இரவுகளில் இங்கு மேடையேறும் மெல்லிசைக் குழுவில், பாடகர் பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். விரிநிலை றொக்கின் பாடகருக்கு அந்த வசதி இல்லை. 1972 இல் ஜெனசிஸ் என்னும் இங்கிலாந்து றொக் குழு வெளியிட்ட, ஏறத்தாழ 23 நிமிடம் நீளும் பாடலில், ஒன்பது எண்ணிக்கைச் சுற்றில் (சங்கீர்ணம் பழகிய தவில் வித்துவானுக்கு இது அந்நியமாக இராது) வாத்தியங்கள் மட்டும் நெடுநேரம் செல்லும் ஒரு பகுதி உண்டு. அந்நேரத்தில் பாடகர் பீற்றர் கேப்ரியல் மேடையில் என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய கலை பிறந்தது என நான் கருதுகிறேன். மற்றவர்கள் பன்னிரு தந்திக் கித்தார்களுக்குச் சுருதி சேர்க்கும் இடைவெளியை நிரப்ப அவர் கதை சொல்லத் தொடங்கினார். 1972 இல் டப்ளின் மேடையில் நரித்தலையும் சிவப்புக் கவுனும் அணிந்து தோன்றினார். பின்னர் பூவாகவும் முதியவராகவும் வேடமிட்டார். 1974 இல் தொடங்கிய இசைப் பயணத்தில் அவர் அணிந்த ஓர் உடை, ஒலிவாங்கியை வாயருகே கொண்டுவர முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. வேடம் குரலையே மறைத்த அந்த இடத்தை நான் ஒரு குறையாகவே பார்க்கிறேன். ஆனால் பாடுதலும் நடித்தலும் ஒரே உடலில் எவ்வளவு நெருக்கமாக மோதின என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. 1975 இல் அவர் விலகிய பின், அதே குழுவின் மேளக்காரர் பில் கொலின்ஸ் அத்தகைய வேடங்கள் இன்றியே அப்பாடல்களைப் பாடினார் என்பதையும் மறக்கக் கூடாது.

கிழக்கிலங்கைக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் கூத்தர் தம் பாட்டைத் தாமே பாடுகிறார். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதை வாங்கிப் பாடும்போது, வாய் ஓய்ந்தாலும் அரசனாகவோ வேடனாகவோ ஆடிக்கொண்டே இருக்கிறார். ஆகவே "கூத்துப் பாடகர்" என்று சொல்லிவிடலாமே எனக் கேட்கலாம். அச்சொல் நம் கூத்துக்கே உரியது; அதை இரவல் கொடுத்தால் இரண்டு கலைகளும் குழம்பும்.

எங்கள் ஊரின் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவரும், மறைந்துபோன இசைச் சொற்களை 1947 இல் பழந்தமிழ் இசை பற்றிய தம் யாழ்நூல் வழியே மீட்டுத் தந்தவருமான விபுலானந்த அடிகள், புதுச்சொல் படைக்குமுன் வழக்கில் உள்ளதைத் தேடும் வழியைக் காட்டினார். இலங்கை அரங்கத்துறையில், ஒரு கலையை அவையோர் முன் நிகழ்த்துவதைக் குறிக்க "ஆற்றுகை" என்ற சொல் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. தமிழகத்தில் வழங்கும் "நிகழ்த்துகை"யும் நல்ல சொல்லே. எனினும் "பாடகர்" என்பதோடு சேரும்போது "ஆற்றுகைப் பாடகர்" நாவுக்கு எளிதாகவும் பொருளுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. எல்லாப் பாடகரும் ஆற்றுகை செய்பவர்தாமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் பாடாத வேளையிலும் பாத்திரமாக மேடையில் நீடிப்பவருக்கு மட்டுமே இச்சொல்லை வரையறுக்க வேண்டும்.

அவ்வரையறையோடு இரு சொற்களையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். "றொக்", "ராக்" என்னும் இரு எழுத்து வழக்குகளையும் தலைச்சொல்லிலேயே தருவது இலங்கை, தமிழகம் என இரு கரை வாசகருக்கும் உதவும்.