காய்கறி வண்டிக்கு ஹப் மோட்டாரா, ஆக்ஸில் மோட்டாரா?

காட்பாடி லோடு: வேலூர் நேதாஜி மார்க்கெட்லருந்து காட்பாடிக்குக் காய்கறி ஏத்த மூணு சக்கர வண்டி கட்டுறோம். வண்டி 140 கிலோ, ஆள் 60, சரக்கு 150. பேட்டரி 48 வோல்ட். முன் சக்கரத்துல 1000 வாட் ஹப் (சக்கரத்துக்குள்ளயே இருக்கிற மோட்டார்) போதுமா? இல்ல, பின்னால டிஃபரன்ஷியல் (திருப்பத்துல ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல் அமைப்பு) ஆக்ஸிலோட மோட்டார் போடணுமா?

பல்சக்கரம்: ஆக்ஸில்தான். ரயில்வே மேம்பாலம் 30-க்கு 1 ஏத்தம்னு வச்சுக்கங்க. 350 கிலோவுக்குச் சாய்வு 115 நியூட்டன், டயர் உருளல் 50, ஆக 165. சக்கர ஆரம் 20 செ.மீ.ன்னா 33 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வேணும். மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்குக் காயில் சுத்தின ஹப் ஆம்பியருக்கு 0.85 நியூட்டன் மீட்டர்தான் தரும். காயில்ல 39 ஆம்பியர் ஓடும். மோட்டார் எட்டு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து வர்ற 1:8 பல் இருந்தா மோட்டாருக்கு நாலு நியூட்டன் மீட்டர் சொச்சம்தான் வேலை.

நேரடி ஹப்: கணக்கு சரி அண்ணே, ஆனா நேரத்தைச் சேக்கலயே. காயில் 0.1 ஓம்னா 150 வாட் சூடு. பாலம் ஏற ஒண்ணரை நிமிஷம். அஞ்சு கிலோ ஸ்டேட்டர் (காயில் சுத்தின, சுழலாத பாகம்) 6 டிகிரிதான் ஏறும். செயின், பல்லுல போற சக்தியோ சமதரையிலயும் தினமும் நஷ்டம்.

பல்சக்கரம்: சூடு விஷயத்துல பாலத்துக்கு ஒத்துக்கறேன் தம்பி. பிடிப்பு? சரக்கு பின்னாடி, முன் சக்கரத்து மேல 80 கிலோதான். மழையில மணல் படிஞ்ச ரோட்டுல உராய்வு 0.2-க்கு இறங்கினா 157 நியூட்டன்தான் கிடைக்கும். வேண்டியது 165. சக்கரம் அங்கேயே சுத்தும்.

நேரடி ஹப்: அது நிஜம், முன் சக்கரம் வேணாம். பின்னால ரெண்டு 500 வாட் ஹப் போடலாமே, டிஃபரன்ஷியலே தேவைப்படாது.

பல்சக்கரம்: மோட்டாருக்குக் கரண்ட் அளந்து விடுற கன்ட்ரோலர் ரெண்டு, காந்தம் எங்க இருக்குன்னு சொல்ற ஹால் சென்சார் ஆறு வேணும். ஒரு பக்கத்து மோட்டார் நின்னா வண்டி கோணலா இழுக்கும்.

காட்பாடி லோடு: ஆடிக் கிருத்திகைக்கு ரத்னகிரி முருகன் கோயில் மலை மேல வரைக்கும் லோடு போகும், அதைச் சொல்ல விட்டுட்டேன்.

நேரடி ஹப்: அப்ப ஹப் வேணாம். 8 சதவீத ஏத்தம்னா 65 நியூட்டன் மீட்டர், 76 ஆம்பியர். கரண்ட் ரெட்டிப்பானா சூடு நாலு மடங்கு, அதுவும் பல நிமிஷம். மூடின கூட்டுக்குள்ள சூடு வெளிய போகாது. சாதா நியோடிமியம் காந்தம் 80 டிகிரி தாண்டினா வலு இழக்கும், அது திரும்ப வராது.

பல்சக்கரம்: ஆக்ஸில் வாங்கினதும் கியர் ஆயில் இருக்கான்னு திறந்து பாருங்க. மோட்டார் ஒயரைக் கீழ வளைச்சு, அப்புறம் மேல ஏத்திக் கட்டுங்க, மழைத்தண்ணி வளைவுலயே சொட்டிடும். மோட்டார் அதிர்ந்து நின்னா ஹால் ஒயரைக் கன்ட்ரோலர்ல மாட்டினபடியே 5 வோல்ட் வர விட்டு வண்டியை மெதுவாத் தள்ளுங்க. மூணு சிக்னல் ஒயரும் மீட்டர்ல 0, 5 வோல்ட்னு மாறணும். மாறாத ஒயர் இருந்தா முதல்ல கனெக்டர் பின்னைப் பாருங்க, அப்புறம் சென்சாரை மாத்துங்க.