3 வயதும் 11 மாதமும்: ஓட்டலுக்குப் போகலாமா, ஆசையைக் கட்டிவைத்துவிடலாமா?

இரண்டு கை போதாது எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு போன சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனோம். மூத்தவளுக்கு 3 வயது, சின்னவனுக்கு 11 மாதம். 8 மணிக்கு உட்கார்ந்தோம். ஆர்டர் எடுக்க ஆள் வருவதற்கே கால் மணி நேரம் ஆனது. தட்டு வர மேலும் 35 நிமிடம். அந்த 50 நிமிடத்தில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சிரிக்க வேண்டாம்.

முதலில் சின்னவன் மெனு அட்டையின் ஓரத்தைக் கடித்துச் சப்பினான். பிடுங்கினேன், அழுதான். அழுகையை நிறுத்த ஸ்பூனைக் கொடுத்தேன். அது மேளமாகிவிட்டது. நான் மேளத்தை நிறுத்திக்கொண்டிருந்தபோது மூத்தவள் மேஜைக்கு அடியில் இறங்கியிருக்கிறாள். வெளியே வந்தபோது அவள் காலில் பக்கத்து மேஜைப் பெண்மணி கழற்றி வைத்திருந்த செருப்பு. மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டார். அவருக்கு எதிரில் இருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தத் தாத்தா ஏன் நம்மையே பார்க்கிறார்?" என்று என் மகள் கூடம் முழுவதற்கும் கேட்கும்படி விசாரித்தாள்.

வேறு வழியில்லாமல் செல்பேசியைக் கொடுத்தேன். நான்காவது நிமிடத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பு கேட்டதெல்லாம் சத்தமே அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. உணவு வந்தபோது என் கணவர் சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கல்லாவுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார். நான் ஆறியதைச் சாப்பிட்டேன். அவர் அதைவிட ஆறியதைச் சாப்பிட்டார். பில் நாங்கள் கேட்காமலே வந்து சேர்ந்தது.

"சின்னவனுக்கு 5 வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் கணவர். இன்னும் நான்கு வருடம்! எனக்கு இது நாக்கு ருசி பற்றிய விஷயம் அல்ல. நான் சமைக்காத, நான் கழுவப்போகாத ஒரு தட்டு என் முன்னால் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வயதுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த நேரத்தில் போகிறீர்கள்? செல்பேசி கொடுப்பது அவ்வளவு பெரிய தப்பா? பக்கத்து மேஜைக்காரர்களை என்ன செய்வது?

பழைய சர்வர் எழுதியது:

ஒன்பது வருடம் தட்டுத் தூக்கியவன் நான். இப்போது 4 வயதுப் பையனுக்கு அப்பா. இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு 8 மணியில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு 8 மணி என்பது சமையலறையில் ஆர்டர் சீட்டுகள் வரிசைகட்டித் தொங்குகிற நேரம். உங்கள் சீட்டுக்கு முன்னால் பதினைந்து சீட்டுகள் இருந்திருக்கும். எந்த சர்வர் நினைத்தாலும் அதை முன்னால் இழுக்க முடியாது. இழுத்தால் அடுப்படியில் அவனுக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்று இங்கே எழுத முடியாது. கூட்டம் சேர்வதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். அடுப்பு சூடாகியிருக்கும், கை காலியாக இருக்கும், சர்வர் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருக்கும்.

குழந்தையின் கடிகாரம் வாசற்படியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் மெனுவைப் புரட்டுகிற நேரமும் அதில்தான் கழிகிறது. அதனால் என்ன சாப்பிடுவது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு போங்கள். தண்ணீர் வைக்க வருகிறவரிடமே ஆர்டரைச் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "குழந்தைகளுக்கு உள்ளதை முதலில் கொண்டுவாருங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் கொண்டுபோய் வைப்பேன். பத்து நிமிடத்தில் பிள்ளை சாப்பிட்டு முடித்துவிடும். பதினோராவது நிமிடம் பெற்றோரின் தட்டு வரும். அந்த நிமிடத்தில் பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கும். நூறு முறையாவது பார்த்திருப்பேன். முதலில் கொறிக்க ஏதாவது கேளுங்கள்: ஒரு ரொட்டித் துண்டு, வேகவைத்த காய்கறி, அந்த மாதிரி. மற்றதெல்லாம் எல்லாருக்கும் ஒன்றாக வரட்டும். உணவு வந்து இறங்கும்போதே பில்லையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த நிமிடம் வேண்டுமானாலும் எழுந்துவிடலாம் என்பது தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். (உங்களுக்குக் கேட்காமல் பில் வந்தது அவமரியாதை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நானே சில மேஜைகளுக்கு இரக்கப்பட்டு அப்படிச் செய்திருக்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

உட்காரும் இடம் முக்கியம். சுவரோரம் கேளுங்கள், மூத்தவளைச் சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். சமையலறைக் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள நடைபாதையை ஒட்டி மட்டும் உட்காராதீர்கள். தட்டம் என் மார்பு உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை இரண்டு கிண்ணம் சூப்போடு திரும்பியபோது முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்தால் ஒரு குழந்தை. சூப் என் சட்டையில் கவிழ்ந்தது, நல்லவேளை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சர்வர்கள் எதை வெறுத்தோம் என்று உள்ளே பேசிக்கொண்டதைச் சொல்லவா? அழுகையை அல்ல. எங்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. வெறுத்தது இரண்டு: கூடத்தில் ஓட விடுவது, அழுக்கு டயப்பரைச் சாப்பிட்ட தட்டுக்குப் பக்கத்திலேயே சுருட்டி வைத்துவிட்டுப் போவது. தரையில் சிந்தியதை மண்டியிட்டுத் துடைக்கும் அம்மாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெரிய துண்டுகளைப் பொறுக்கினால் போதும், மீதிக்குத் துடைப்பம் இருக்கிறது.

ஓர மேஜை எழுதியது:

எனக்குக் குழந்தை இல்லை. தனியாகப் போய், தனியாகச் சாப்பிட்டு, புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்துவிட்டு வருகிறவன். நீங்கள் குறிப்பிட்ட 'தாத்தா' நானாக இருந்திருக்கலாம். வயதும் முகவாட்டமும் பொருந்துகின்றன.

குழந்தை அழுதால் நான் நிமிர்ந்து பார்ப்பேன். சத்தம் வந்தால் தலை திரும்பும், அதில் கோபம் ஒன்றும் இல்லை. என்னை எழுந்து போக வைப்பது செல்பேசிதான். அழுகை ஐந்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஒரே பொம்மைப் பாட்டு ஏழாவது முறையாக முழுச் சத்தத்தில் ஓடினால் ஓயாது. கொடுப்பதென்றால் சத்தத்தை அணைத்துக் கொடுங்கள். படம் மட்டும் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

செருப்பு விஷயம், என் செருப்பாக இருந்தால் மற்றதையும் கொடுத்திருப்பேன்.

மூன்று பிள்ளைக்காரன் எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு? பார்சல் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். ஓடட்டும், சிந்தட்டும், கத்தட்டும். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக இதுதான்.

இரவுப் பணி எழுதியது:

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். நேரம், மேஜை எல்லாம் பழைய சர்வர் சொல்லிவிட்டார். அவர் முழங்காலில் இடித்த குழந்தையைப் பற்றிப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் சின்னவன் 11 மாதம் என்றால் எட்டிப் பிடிக்கிற வயது. ஓட்டலில் எனக்குப் பெரிய பயம் தேநீர், காப்பி, சூப். ஊற்றி 15 நிமிடம் ஆன தேநீரும் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும்; அவர்கள் தோல் நம்முடையதைவிட மெல்லியது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடாக எதையும் குடிக்காதீர்கள். கணவர் குடிக்கும்போது குழந்தை உங்களிடம், நீங்கள் குடிக்கும்போது அவரிடம். மேஜை விரிப்பு தொங்கினால் மடித்துவிடுங்கள், அவன் இழுத்தால் மேலே இருப்பதெல்லாம் அவன்மேல் வரும். மீறிக் கொட்டிவிட்டால் அந்த இடத்திலேயே துணியைக் கழற்றி (தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது), குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட்டு, பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். பற்பசை பூசிய காயத்தைக் கழுவிக் கழுவி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

தேன் ஒரு வயது முடியும்வரை கூடாது. சமைத்த உணவில் கலந்திருந்தாலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டில் சாவதில்லை. ஓட்டல்களில் சாஸிலும் இனிப்பிலும் தேன் ஒளிந்திருக்கும், கேட்டுவிட்டுக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். முழுக் கொட்டைப் பருப்புகள் 5 வயதுவரை வேண்டாம், அது மூத்தவளுக்கும் பொருந்தும். தொண்டை முழுதாக அடைத்தால் சத்தம் வராது, இருமல்கூட வராது. அதனால் சாப்பிடும் முகத்தை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. போகவில்லை என்றால் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்தம். வயிற்றை அழுத்துவது ஒரு வயதுக்கு மேல்தான். எழுத்தில் படித்தால் பாதிதான் புரியும். முதலுதவி வகுப்பில் ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்து பாருங்கள்.

செல்பேசி பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, 2 வயதுக்குக் கீழே திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்பதுதான். 3 வயதுக்காரிக்குக் கடைசிப் பத்து நிமிடம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, நானும் கொடுக்கிறேன். வாயில் உணவு இருக்கும்போது மட்டும் கொடுப்பதில்லை. பார்த்துக்கொண்டே விழுங்குவார்கள், மெல்ல மாட்டார்கள்.

இரண்டு கை போதாது எழுதியது:

மூன்று பிள்ளைக்காரன் அவர்களே, பூங்காவில் விரிப்பைத் துவைப்பது யார்? நான்தான். அதனால் உங்கள் யோசனையை மரியாதையோடு திருப்பி அனுப்புகிறேன்.

மற்றவர்களுக்கு: நேற்று ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் வந்தோம். வேறு இடம். 11.40க்கு உள்ளே நுழைந்தோம், எங்களைத் தவிர இரண்டு மேஜையில்தான் ஆட்கள். தண்ணீர் வந்ததும் ஆர்டர் சொன்னேன். சர்வர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் 14 நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. பில்லையும் அப்போதே கேட்டேன். இன்னொரு மாதிரி பார்த்தார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல முடியாது. கொறிக்கக் கொடுத்த ரொட்டியிலேயே மூத்தவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது, மற்றதைத் தொடவில்லை. வற்புறுத்தவில்லை, பார்சல் கட்டி வாங்கிக்கொண்டேன். சின்னவன் ஒரு டம்ளரை உடைத்தான். மேஜைக்கு அடியில் இவள் இந்த முறையும் இறங்கினாள், ஆனால் கிடைத்தது என் செருப்புதான்; போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சுவர் ஓரம் என்பதால் விட்டுவிட்டேன். நான் சூடாகச் சாப்பிட்டேன்! கணவர் முக்கால் சூடாகச் சாப்பிட்டார். 5 வயதுப் பேச்சை அவர் இன்னும் கைவிடவில்லை, ஆனால் அடுத்த ஞாயிறு என்ன சாப்பிடலாம் என்று இன்று காலையில் அவரேதான் கேட்டார்.

ஒரு சந்தேகம். அங்கே கொடுத்த குழந்தை நாற்காலியில் ஒரு பக்கத்துப் பட்டை அறுந்திருந்தது. என் துப்பட்டாவால் கட்டி வைத்தேன். சரியா?

பழைய சர்வர் எழுதியது:

சரியில்லை. துணி நழுவும், அவன் கீழே வழுகினால் கழுத்தில் மாட்டும். வேறு நாற்காலி கேளுங்கள். பட்டை இருந்தாலும் மேஜையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்; காலால் மேஜையை உதைத்தால் நாற்காலியோடு பின்னால் சாய்வான். வேறு இல்லை என்றால் மடிதான், அப்போது சூப் வேண்டாம். உடைந்த டம்ளருக்குப் பணம் கேட்டார்களா?

இரண்டு கை போதாது எழுதியது:

கேட்கவில்லை. நானாகக் கொடுத்தபோதும் வாங்கவில்லை. அந்த சர்வருக்கும் வீட்டில் ஒன்று இருக்கிறதாம், இரண்டு வயது.