பச்சிளங்குழந்தைப் பிரிவில் இரட்டைப் பொறுப்பு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். குழந்தையைப் பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் பணியையும், செவிலியருக்குக் கற்பித்துப் பராமரிப்பு நெறிகளை வகுக்கும் சிறப்புச் செவிலியர் பணியையும் ஒருவரிடமே ஒப்படைக்கத் திட்டமிடுகிறோம். இம்மாகாணத்தின் ஹாமில்டன் நகரில் இத்தகைய செவிலியர் குழுவையும் பயிற்சி மருத்துவர் குழுவையும் ஒப்பிட்டு 1996இல் வெளியான ஆய்வில், குழந்தைகளின் நலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை; ஆகவே திறமை பற்றி எனக்கு ஐயமில்லை. நேரம்தான் கவலை. 27 வாரத்தில் பிறந்த சிசுவுக்குத் தொப்புள்கொடி இரத்தக்குழாயில் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்த வேண்டிய வேளையில், தாய்ப்பால் ஊட்டும் நெறிமுறையைத் திருத்தும் கூட்டம் தள்ளிப்போகத்தான் செய்யும். அது அப்படியே கிடப்பில் விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இவ்விரு பொறுப்புகளையும் வகிப்பவர்கள், கற்பித்தலுக்கான நேரத்தைப் பணி அட்டவணையில் எவ்வாறு காப்பாற்றுகிறீர்கள், இரவுப் பணியை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்று எழுதினால் பேருதவியாக இருக்கும்.