இடுப்பில் இருந்த கள்ளிக்கொப்பு

பணகுடிக்காரன்:
எங்க ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவுல, வில்லுப்பாட்டுல நீலி கதை பாடுற அன்னைக்கு ஆச்சி என்னைத் தூங்க விடமாட்டா. கதை தெரியாதவங்களுக்கு: தன்னை நம்பிக் காட்டுவழி கூடவே வந்தவ தன் மடியில தலைவச்சுத் தூங்கும்போது, நகைக்கு ஆசைப்பட்டவன் மணலைக் கூட்டி அவ தலையை அதுமேல இறக்கி வச்சிட்டு, கல்லைத் தூக்கிப் போட்டுருதான். பக்கத்துல ஆள் கிடையாது. ‘கள்ளியே, நீதான் சாட்சி’ன்னுட்டு உயிரை விடுதா.

மறுபிறவியில அவன் வியாபாரி, இவ நீலி. கள்ளிக்கொப்பு ஒண்ணை ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ‘புருசன் என்னைத் தள்ளி வச்சுட்டான்’னு சபையில போய் நிக்கா. ‘ஐயோ, இவ பேய்’னு அவன் அலறுதான். பிள்ளையைக் கீழ இறக்கி விடுதாங்க. அது நேரா அவன்கிட்ட போய் ‘அப்பா’ங்குது.

அந்த இடத்துல குடத்துக்காரர் கையை நிறுத்திருவாரு. பொம்பளையாளுக பக்கம் மூச்சுச் சத்தம்கூடக் கேக்காது.

சபை அவனுக்குப் பிணை சொல்லி ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விடுது. விடிஞ்சா அவன் பிணம். தொண்டைநாட்டுப் பழையனூர்ல சொல்ற கதையில, பிணை நின்ன 70 வேளாளரும் தீப்பாய்ஞ்சு செத்தாங்க. (அழுத பொம்பளையை நம்பினதைத் தவிர அவங்க என்ன செஞ்சாங்க? எனக்கு இன்னும் பிடிபடல.)

மறுநாள் காலையில, டீ குடிச்சிட்டிருந்த பாட்டுக்காரர்கிட்ட கேட்டேன்: “மாமா, அந்தப் பிள்ளை என்ன ஆச்சு?”
“பிள்ளை ஏதுல? அது கள்ளிக்கொப்புல்லா!”
சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு அப்ப எட்டு வயசு. சிரிப்பு வரல.

பாளையங்கோட்டை மருமக:
நீங்க கொடையில கேட்டீங்க, நான் அடுப்படியில கேட்டேன். கல்யாணமான புதுசுல, வீட்டுக்காரர் ஒரு விஷயத்தை மறைச்சது தெரிஞ்சு அழுதேன். மாமியார் சொன்னது, ‘நீலிக்கண்ணீர்’. கல்லைப் போட்டவன் பேர்ல தமிழ்ல ஒரு சொல்லு இருக்கா, சொல்லுங்க பாப்போம்.

வள்ளியூர் வாசகி:
அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நாந்தான் அது.

அப்பா வேற வீடு வச்சிருக்கது தெரிஞ்ச மறுவாரம், அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு நாங்குநேரிக்கு பஸ் ஏறுனா. எனக்கு ஒம்பது வயசு. வழியெல்லாம் பாடம்: “வாசல்ல நின்னு சத்தமா அப்பான்னு கூப்பிடணும். தெரு பூரா கேக்கணும்.”

கூப்பிட்டேன். எதுத்த வரிசையில நாலு கதவு திறந்துச்சு. அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டே வெளிய வந்தாவ. என்னைப் பாக்கல, அம்மாவைத்தான் பாத்தாவ. அம்மாவும் அவரைத்தான் பாத்தா.

அன்னைக்கே அப்பா எங்களோட திரும்பி வந்துட்டாவ. பஸ்ல நான் ரெண்டு பேருக்கும் நடுவுல. அம்மா கடலைமிட்டாய் வாங்கித் தந்தா, கரையாம கையிலயே பிசுபிசுன்னு இருந்துச்சு. அம்மாவுக்கு நடந்தது அநியாயம்தான், நான் இல்லங்கல. ஆனா அதுக்கப்புறம் ‘அப்பா’ங்கிற வார்த்தை எனக்கு வாயில வரவே இல்ல.

அவர் சாகுற வரைக்கும், கதவுப் பக்கம் பாத்துதான் சொல்லுவேன்: “சாப்பாடு எடுத்து வச்சாச்சு.”